நடந்து போய்க் காய் வாங்குவதிலும் வெளியில் அளவாகச் சாப்பிடுவதிலும் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டிலிருந்து ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தைக்கு நடந்தால் பதினைந்து நிமிஷம். வண்டியில் போனால் நாலு நிமிஷம், அப்புறம் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கு இன்னொரு நாலு நிமிஷம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு நடக்க ஆரம்பித்தேன். வெளியில் சாப்பிடும் அளவையும் குறைக்கச் சொன்னார். இரண்டும் சுலபம் என்றுதான் நினைத்தேன். முதல் மூன்று மாதத்தில் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தவறுகள் அநேகமாக எல்லாவற்றையும் செய்து முடித்தேன்.

கால்நடையாகப் போய் வண்டிக்கணக்கில் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நம் பக்கம் எக்ஸெல் வண்டி இல்லாத வீதி கிடையாது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, பக்கவாட்டில் ரெண்டு பை என்று அள்ளிக்கொண்டு வந்தே நமக்குப் பழக்கம். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் அந்தக் கணக்கு மண்டையை விட்டு இறங்குவதில்லை.

அம்மா வீடு கோபியில். ஒரு சனிக்கிழமை அங்கிருந்து திரும்பும்போது மொடச்சூர் சந்தைக்குள் நுழைந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டதால் தக்காளியைக் கூறு போட்டு, வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "அஞ்சு கூறையும் எடுத்துக்கங்க, அம்பது ரூபா குடுங்க" என்றார் அந்தம்மா. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மஞ்சப்பையில் ஆறு கிலோ இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதற்குள் பையின் காது விரல்களை அறுத்துவிட்டது. உட்கார இடம் கிடைத்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டேன். கவுந்தப்பாடி தாண்டும்போது தொடையில் ஈரம். குனிந்து பார்த்தால் வேட்டியெல்லாம் தக்காளிச் சாறு. பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் அடியில் பாதி கூழ். "ஏனுங்க, ஊருக்கே சட்னி அரைக்கறதுங்களா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. மூன்று நாள் தக்காளித் தொக்கு, தக்காளி ரசம், தக்காளிச் சோறு. மிச்சம் குப்பைக்குப் போனது. மலிவு என்று வாங்கியதில் பாதியைக் கொட்டினால் வாங்கின விலை இரட்டிப்பு.

அப்படியானால் எவ்வளவு வாங்கலாம்? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1,600 கிராம், ரெண்டு நாளைக்கு மூன்று கிலோ சொச்சம். கைக்கு ஒன்றரை கிலோ என்று இரண்டு கையிலும் பிரித்துத் தூக்கினால் பதினைந்து நிமிஷம் நடப்பது ஒரு பாரமே இல்லை. ஆக, ஒன்று விட்டு ஒரு நாள் போனால் போதும். இடையில் ஒரு நாள் கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று சாக்கு வைத்து வெறுங்கையோடு நடந்துவிட்டு வரலாம். போக 15, வர 15, ஆக அரை மணி. வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தால் 150 நிமிஷம் ஆகிறது. வாரத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு உடலுழைப்பு வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிற அளவும் இதுதான். ஆனால் சந்தைக்குள் நின்று நின்று நகர்வதை இதில் சேர்க்கக் கூடாது. நானும் முதலில் அதைச் சேர்த்து என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் இன்னொரு தவறும் பிடிபடும். "கொஞ்சமாக வாங்கு, கொஞ்சமாகச் சாப்பிடு" என்று சொன்னதும் பலரும் முதலில் கை வைப்பது காயில்தான். சோறு அப்படியே இருக்கும், பொரியல் இரண்டு ஸ்பூனாகச் சுருங்கிவிடும். குறைக்க வேண்டியது சோற்றை. அரசாணிக்காய்க் (பரங்கிக்காய்) கூட்டையும் கீரைக் கடைசலையும் நான் கூட்டித்தான் இருக்கிறேன்.

பை விஷயம். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலத்தோடு வந்து சேர்ந்துவிடுகிற பை, நம் வீடுகளில் பத்து கிடக்கும். ஆனாலும் நடந்து போகிறவர்களுக்கு என் சிபாரிசு பழைய வயர் கூடைதான். அடி தட்டையாக இருப்பதால் கீழே வைத்தால் சாயாது, பக்கம் விறைப்பாக இருப்பதால் காய் நசுங்காது. மஞ்சப்பையைத் துணைக்கு வைத்துக்கொண்டு கீரையை அதில் போடலாம். தேங்காய், கிழங்கு, கேரட் அடியில், கத்தரி, வெண்டை நடுவில், தக்காளி மேலே. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடக்கிற வரிசையில் வாங்குவதால் எல்லாம் தலைகீழாகிவிடும். வாசலிலேயே தக்காளி கண்ணில் படும், அதை முதலில் வாங்குவோம். பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டு, திரும்பி வரும்போது வாங்குங்கள். விலைப்பலகையைப் படிக்கவும் நேரம் கிடைக்கும். உழவர் சந்தையில் ஒவ்வொரு நாள் காலையும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். அங்கே நின்று ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசுவது நேர விரயம். கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை கேளுங்கள், சிரித்துக்கொண்டே தருவார்கள்.

நேரம் தவறினால் கீரை கிடைக்காது. எட்டரைக்கு மேல் போனால் முருங்கைக்கீரையும் வதங்கின தண்டுமாக இருக்கும். சுக்குட்டிக்கீரை வேண்டுமென்றால் (வெளியூர்க்காரர்களுக்கு மணத்தக்காளி) ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு பண்ணைக்கீரை, தொய்யக்கீரை வந்தால் அதற்கும் முன்னால். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஈரத்தோடு ஃபிரிட்ஜில் திணித்தால் மறுநாள் காலை கட்டுக்கு நடுவில் அழுகல். கட்டைப் பிரித்து, ஈரத்தை உலரவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் ரெண்டு நாள் தாங்கும். தக்காளி பழுக்கிற வரை வெளியிலேயே இருக்கட்டும். சின்ன வெங்காயத்தைக் காற்றாடப் பரப்பி வையுங்கள், உருளைக்கிழங்கோடு சேர்த்துப் போட வேண்டாம்.

அரிசி, பருப்பு, எண்ணெய் இதில் சேராது. அவற்றையும் நடந்து போய் அரைக் கிலோ, கால் லிட்டர் என்று வாங்கிக்கொண்டிருந்தால் பணம்தான் கூடுதலாகும். மாதம் ஒரு தடவை வண்டியில் போய்க் கொண்டுவந்து போட்டுவிடுங்கள்.

அப்புறம் பேக்கரி. நம் ஊர்ப்பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதானே. சந்தையிலிருந்து திரும்பும் வழியில் மூன்று இருக்கின்றன. "நடந்துதான் வந்திருக்கோம்" என்கிற தைரியத்தில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன். அரை மணி நடந்தால் செலவாவது தோராயமாக 100 முதல் 150 கலோரி. சர்க்கரை போட்ட டீயும் ஒரு பன்னும் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். இந்தத் தவறை நான் முழுசாக விடவில்லை. பன்னை விட்டேன், டீ இருக்கிறது, சர்க்கரை பாதி.

இனி ஓட்டல். வெளியில் சாப்பிடும்போது வயிற்றைவிடக் கொடுத்த காசுதான் அதிகம் பேசும். அளவு சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. "இன்னும் கொஞ்சம் போட்டால் அன்லிமிடெட்டே சாப்பிடலாமே" என்று தோன்றும். தோன்றியதும் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு வந்துவிடும். அந்த வித்தியாசத்தில் வாங்குவது மேற்கொண்டு ரெண்டு தட்டுச் சோறு, வேறொன்றும் இல்லை. அளவு சாப்பாடு கிடைக்கிற கடையில் அதைக் கேளுங்கள்.

முழுச் சாப்பாடு மட்டும்தான் என்றால், இலையில் முதல் கரண்டி விழும்போதே பேச வேண்டும். ரெண்டாம் தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் எல்லோரும் செய்வது. முதல் தடவையே மலை மாதிரி கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், இலையில் விழுந்ததை வீணாக்க நம் வளர்ப்பு விடாது. நான் வழக்கமாகப் போகிற கடையில் ஒரு பெரியவர் பரிமாறுகிறார். வாளியோடு வந்து நிற்பார்.

"அரைக் கரண்டி போதுங்க."

"ஏனுங்க, இது எந்த மூலைக்குங்க?"

"அதையே மூணாப் பிரிச்சுக்கறனுங்க."

அப்படித்தான் செய்கிறேன். விழுந்த சோற்றை இலையிலேயே மூன்று பங்காக ஒதுக்கிவிடுவேன். ஒரு பங்கு குழம்புக்கு, ஒன்று ரசத்துக்கு, ஒன்று மோருக்கு. எதையும் விட்ட மாதிரி இருக்காது. காயை மட்டும் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொள்வேன். முதல் வாரம் அந்தப் பெரியவர் ஏதோ உடம்புக்கு முடியாதவன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தார். இப்போது என்னைக் கண்டாலே பொரியல் தட்டோடு வருகிறார்.

ராத்திரி ஓட்டலுக்குப் போகிறோம் என்பதற்காக மத்தியானம் பட்டினி கிடப்பதும் கெடுதல். கொலைப்பசியில் மெனுவைப் பார்த்தால் நாலு பேருக்கு ஏழு பேர் சாப்பாடு சொல்லுவோம். போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு கொய்யாவோ ஒரு டம்ளர் மோரோ போதும். சொல்லும்போதும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் போல ஆகும். முதலில் வந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், அடுத்த பரோட்டா தேவையா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பகிர்ந்து சாப்பிட வெட்கப்படுகிறவர்களும் உண்டு. காவிரிக்கு அக்கரையில் பள்ளிபாளையம். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் போட்டு வறுத்த அந்த ஊர்ச் சிக்கன் இப்போது எல்லா ஊர்க் கடையிலும் இருக்கிறது. காரமும் எண்ணெயுமாக இருக்கிற அதை ஆளுக்கு ஒரு பிளேட் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். மூன்று பேருக்கு ஒரு பிளேட், கூட ரெண்டு காலித் தட்டு என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிரியாணியும் அரை பிளேட் கிடைக்கிறது. சில கடைகளில் பலகையில் எழுதியிருக்காது, வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

பார்சலில் கவனம். ஒரு பார்சல் சாப்பாட்டில் கட்டுகிற சோறு பெரும்பாலான கடைகளில் ரெண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். ஆளுக்கு ஒன்று வாங்கினால் மிஞ்சும், மிஞ்சியதை ராத்திரி வரை மேஜையில் வைத்திருந்து சுடவைத்துச் சாப்பிடுவோம். சோறு வெளியில் கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி நஞ்சை உண்டாக்கும். சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ரெண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் கட்டி வாங்காதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரித்திருக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து அளவு அப்படியே இருக்க, சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கிவிட்டு நடக்கவும் தொடங்கினால் சர்க்கரை ரொம்பக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நடக்கும்போது பையில் ரெண்டு மிட்டாய் இருக்கட்டும்.

இந்த வித்தைகள் ஒன்றும் செல்லாத இடம் சொந்தக்காரர் வீடு. கையை இலைக்கு மேல் மறித்தால் விரலிடுக்கில் ஊற்றுவார்கள். போன தைப் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போனபோது யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். "குடுங்க அத்தை, நானே போட்டுக்கறேன்" என்று கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன். அரிசிம்பருப்புச் சோறு ஒன்றரைக் கரண்டி, நெய் ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். "செரி சாமி, உன்னிஷ்டம்" என்று அத்தை உள்ளே போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு நிறைய ஒப்பிட்டு (வெளியூர்க்காரர்களுக்குப் போளி).