வண்டி உறுமுது, நகரலை: பிளப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எஞ்சின் நன்றாக ஓடுகிறது. கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி இருந்த இடத்திலேயே நிற்கிறது. பழைய டிராக்டர் வைத்திருப்பவருக்கு இந்த நாள் ஒருமுறையாவது வரும். எனக்கு வந்தபோது "கிளட்ச் போச்சு" என்று நானே முடிவு கட்டி, வண்டியை நடுவில் இரண்டாகப் பிளந்தேன். இரண்டு நாள் வேலை. கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்தால், ரிவெட் தலைக்கு மேல் இன்னும் நல்ல கனம் இருந்தது, அதாவது தேயவே இல்லை. ஒடிந்திருந்தது வலது பக்க ஹாஃப் ஷாஃப்ட், அதாவது அந்தப் பக்கச் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. பின் சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்திருந்தால், ஸ்பேனரையே தொடாமல் தெரிந்திருக்கும்.

அதனால் ஸ்பேனர் எடுப்பதற்கு முன் ஓட்டம், அதாவது எஞ்சினின் சுழற்சி, சக்கரம் வரை போகும் வழியை மனதில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல், கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹை-லோ கியர், பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அது சுற்றும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம், திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் ஹாஃப் ஷாஃப்ட், சில வண்டிகளில் அதற்கப்பால் புல் கியர் என்ற பெரிய பல்சக்கரம், கடைசியில் சக்கரம். இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி விட்டிருக்கிறது. எந்தக் கண்ணி வரை ஓட்டம் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

முதலில் லிவர்கள். சிரிக்காதீர்கள், ஹை-லோ லிவர் நடுவில் நின்றாலும் வண்டி இப்படித்தான் நிற்கும். லிவர் சரியான இடத்தில் இருந்தும், கஞ்சியில் கரண்டி விட்டது போல எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஆடினால், உள்ளே அதன் நுனி செலக்டர் பள்ளத்திலிருந்து நழுவியிருக்கலாம். அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட் கழன்றிருக்கலாம். மேல் மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடும். திறப்பதற்கு முன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்தால் அது பேரிங்குக்குத்தான் போகும்.

அடுத்து பி.டி.ஓ., அதாவது வண்டியோடு இணைக்கும் கருவிகளை ஓட்டும் தண்டு. அது சுற்றினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். ஒற்றைக் கிளட்ச் வண்டியில், சுமை கொடுத்தும் சுற்றினால் அது சரி. இரட்டைக் கிளட்ச் வண்டியில் பி.டி.ஓ.வுக்குத் தனிப் பிளேட். அது சுற்றுவதால் வண்டியை ஓட்டும் பிளேட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்க, முழுவதும் மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கிறது என்றால் உங்களுடையது இரட்டை.

கிளட்ச் திடீரென்று ஒரே நாளில் போவது குறைவு. தேய்ந்த பிளேட் முதலில் மேட்டில் நழுவும், சுமையில் எஞ்சின் மட்டும் வேகமெடுக்கும், கருகிய வாடை வரும். பெடலில் கொஞ்ச தூரம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். அது அறவே இல்லாவிட்டால் நல்ல பிளேட்டும் நழுவும். அட்ஜஸ்ட் செய்து பார்க்காமல் பிளக்க வேண்டாம். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சின்னத் துளை இருக்கும், பெரும்பாலும் ஒரு காட்டர் பின் தொங்கும். அங்கே ஆயில் சொட்டினால் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுத்து நீர்த்திருந்தால் எஞ்சின் பக்கத்துச் சீல். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் கந்தக நெடியோடு இருந்தால் கியர் பாக்ஸ் பக்கத்துச் சீல். இரண்டில் எதுவானாலும் பிளேட் ஆயிலில் நனைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாடையும் இல்லை, முன்னறிகுறியும் இல்லை, 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு வண்டி நின்றது என்றால் நான் கிளட்சை விட்டுவிட்டுப் பின்னால் போவேன். பிளேட்டின் நடு ஹப் பிய்த்துக்கொண்டு போவதும் உண்டுதான். ஆனாலும் எளிதாகப் பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்போம்.

இப்போது ஜாக்கி. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின் சக்கரங்கள் தரையை விட்டதும் பார்க்கிங் பிரேக்கால் பயனில்லை. முன் ஆக்சில் நடுவில் ஊசலாடும் அமைப்பு என்பதால், அதற்கும் உடம்புக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்பு அடியுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வண்டி பக்கவாட்டில் சாயும். இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை நீட்டாதீர்கள்.

ஆகக் குறைந்த கியரைப் போட்டு, பெடலைத் தொடாமல், வலது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இடது சக்கரம் எதிர்ப்புறம் சுற்ற வேண்டும். சுற்றினால் டிஃபரன்ஷியல், இரண்டு ஷாஃப்ட் எல்லாம் முழுதாக இருக்கின்றன. பினியனையும் கியர் பிடித்திருக்கிறது. அப்போது சந்தேகம் கிளட்ச் பக்கம் திரும்பும். இரண்டு சக்கரத்தையும் ஒரே திசையில் சேர்த்துத் தள்ளி, கியர் போட்டிருந்தும் சுலபமாக ஓடினால், பினியனுக்கு முன்னால் எங்கோ விட்டிருக்கிறது. ஒன்றைச் சுற்ற மற்றது அசையாமல் நின்றால், ஏதோ ஒரு பக்க ஷாஃப்ட் அல்லது புல் கியர்.

எந்தப் பக்கம்? இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்துக்கொண்டே சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பல் கடித்துக்கொள்ளும். கியரும் லாக்கும் விழுந்திருக்கும்போது நல்ல பக்கத்துச் சக்கரம் கொஞ்சம் ஆட்டத்தோடு இறுகி நிற்கும். ஒடிந்த பக்கம் அநாதையாகச் சுற்றும். நான் பிளந்த வண்டியில் இதைச் செய்து பார்த்தபோது வலது சக்கரத்தை ஒரு விரலால் தள்ள முடிந்தது. அப்போது எனக்கு வந்த எரிச்சலை எழுத வேண்டாம்.

லாக் போட்டால் வண்டி நகர்கிறதே என்று அப்படியே வேலைக்குப் போகாதீர்கள். ஒடிந்த துண்டு உள்ளே சுற்றி ஹவுசிங்கையும் பற்களையும் கடிக்கும். ஒடிந்தது வெளி ஆக்சில் என்றால் சக்கரமே கழன்று போகலாம். பல வண்டிகளில் அந்தப் பக்கத்துப் பிரேக்கும் பிடிக்காது.

வண்டி ஓடுகிறது, ஆனால் சத்தம் போடுகிறது என்றால் இன்னும் சுலபம். ஒரே கியரில் மட்டும் கத்தினால் அந்தக் கியர் ஜோடி. எல்லாக் கியரிலும் ஊளையிட்டால் கிரவுன் பினியன் அல்லது அதன் பேரிங். திரும்பும்போது மட்டும் என்றால் டிஃபரன்ஷியலின் உள் பற்கள். பெடலை மிதித்ததும் கிறீச்சிட்டால் கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கேட்ட சத்தம் மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸின் முதல் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். 'டொக், டொக்' என்று விட்டுவிட்டு வந்தால் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மெதுவாக ஓட்டச் சொல்லிப் பக்கத்தில், தள்ளி, நடந்து எண்ணுங்கள். கோடு ஒருமுறை சுற்றி வர ஒரே டொக் என்றால் புல் கியர் அல்லது ஆக்சில். நாலைந்து என்றால் அதை ஓட்டும் சின்ன கியரில் ஒரு பல் போயிருக்கும்.

அப்புறம் ஆயில். டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது முதலில் வரும் கால் லிட்டரைத் தனியாகப் பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் கவலையில்லை, அது வழக்கமான தேய்மானம். மீன் செதில் போன்ற தகடுகள் பேரிங்கிலிருந்தோ பல்லின் மேல்தோலிலிருந்தோ உரிந்தவை. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் தூள் புஷ் அல்லது வாஷரிலிருந்து வந்தது. பால் மாதிரி இருந்தால் தண்ணீர். லிவர் ரப்பர் கிழிந்து மழை இறங்கியிருக்கும். பல பழைய வண்டிகளில் ஹைட்ராலிக்குக்கும் இதே ஆயில்தான். ஆகவே பல் உடைந்திருந்தால் பம்ப் ஃபில்டரையும் கழற்றிப் பார்த்தே தீர வேண்டும்.

ஷாஃப்டை உருவியதும் ஒடிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். முகம் முழுக்க ஒரே பளபளப்பாக, சொரசொரப்பாக இருந்தால் ஒரே அதிர்ச்சியில் போனது. சேற்றில் லாக் போட்டு முறுக்கியது போல. என்னுடையதில் ஓரமாகப் பிறை வடிவில் கறுத்த வழவழப்பான பகுதி, அதில் வரிவரியாகக் கோடுகள், மீதி மட்டும் புதிது. விரிசல் விழுந்து ரொம்ப நாளாகியிருக்கிறது. அப்படி இருந்தால் மறுபக்க ஷாஃப்டும் அதே வயசு, அதே வேலை பார்த்தது. அதையும் உருவி, டீசலில் கழுவி, நுனியில் உள்ள ஸ்பிளைன் என்ற பல்வரிசை முடியும் இடத்தில், விரிசல் தட்டுகிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள்.