கட்டில் பக்கத்தில் போய் உட்காருமுன்

மார்பகப் புற்றுநோயிலிருந்து தேறிய பெண்கள் சிலர் சேர்ந்து, சேலத்தில் புதிதாகச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குத் துணையாக இருக்கிறோம். யார் யாரைப் பார்க்கப் போவது என்று பிரித்து அனுப்புவது என் பொறுப்பு. அம்மாப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். “நானும் வரட்டுமாக்கா?” என்று கேட்கிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கீமோவும் கதிர்வீச்சும் முடியட்டும். சமையல், கடைகண்ணி என்று பழைய நடமாட்டம் வரட்டும். மாத்திரை மட்டும் ஓடுகிறது என்றால் தடையில்லை. நோய் திரும்பாமலிருக்கத் தரும் தமாக்சிஃபென் மாத்திரை 5 முதல் 10 வருடம் வரை போகும், அதுவரை காத்திருக்க முடியுமா என்ன?

டாக்டரும் நர்ஸும் சரி என்ற பிறகே வார்டுக்குள் போகணும். 1952-ல் அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண், தனக்கு ஆபரேஷன் ஆனபின் இப்படி மற்றவர்களைப் பார்க்கக் கிளம்பினார். சில டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தும் கயிறும் எடுத்துக்கொண்டு போனார். பந்து எங்கள் பையிலும் இருக்கும். எப்போது ஆரம்பிப்பது என்று சொல்ல வேண்டியது மட்டும் பிசியோதெரபிஸ்ட்.

பையில் அதைவிட முக்கியமானது சுருக்குப் பை. ஆபரேஷன் ஆனதும் விலாவிலிருந்து ஒரு குழாய் வரும், நுனியில் நீர் சேரும் பாட்டில். பாத்ரூம் போகும்போதுகூட அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கணும். பழைய நூல் சேலையைத் துவைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி பை தைத்துவிடுங்கள். பாட்டில் காயத்துக்குக் கீழே தொங்கவேண்டும், அதனால் நாடாவை நீளமாக விடுங்கள். ரவிக்கைக்கு முன்பக்கம் ஹூக், கையைத் தூக்காமல் போடலாம். உள்ளே, மார்பு எடுத்த பக்கம், ஒரு பாக்கெட் வைத்து, காயம் ஆறும்வரை வெறும் பஞ்சு அணை. ஆறியபின் அதில் கொஞ்சம் கனம் சேர்க்கணும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ரவிக்கை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். தையல் தெரியாதவர்கள் அளவு மட்டும் எடுத்து வாருங்கள்.

பேச்சுக்கு வருவோம். மாமியாரோ வீட்டுக்காரரோ பக்கத்தில் இருந்தால் அந்தப் பெண் வாயே திறக்கமாட்டாள். “நான் இருக்கேன், நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்கம்மா” என்று அனுப்பிவையுங்கள். அப்புறம்தான் நிஜமான கேள்வி வரும். முடி முளைக்குமா, புருஷன் முகம் சுளிப்பாரா, பிள்ளைக்குச் சொல்லலாமா. உங்கள் கதையைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் சுருக்கமாக. எத்தனையாவது ஸ்டேஜ் என்று கேட்கவே கேட்காதீர்கள். உங்களுக்குக் கொடுத்த மருந்தை அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்றும் பேசவேண்டாம். கட்டிக்குக் கட்டி மருந்து மாறும். முள்சீத்தாப்பழம் சாப்பிட்டால் நோய் போய்விடும் என்று யோசனை சொல்கிறவர்களை நான் மறுபடி வார்டுக்கு அனுப்புவதில்லை.

தைரியமாகச் சொல்லவேண்டியவையும் உண்டு. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும், கஷாயம் வைத்துப் பார்க்கிற நேரமில்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

பணம் யார் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள். யாராவது உதவ நினைத்தால் மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரி கவுன்டரிலோ நேராகக் கட்டட்டும்.

உங்கள் செக்கப் தேதியை என்னிடம் சொல்லிவையுங்கள். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கிற வாரம் உங்களை வார்டுக்கு அனுப்பமாட்டேன். அந்த வாரம் கடைக்கு வந்து நாடா கோத்துக்கொடுங்கள், போதும்.