பழைய வேர்க்ஸ்டேஷனுக்கு ரேம் வாங்கும்முன்

அட்டனிலும் பண்டாரவளையிலும் கல்யாண அல்பம் டிசைன் பண்ணும் ஸ்டூடியோக்காரர்கள் பழைய எச்பி, டெல் வேர்க்ஸ்டேஷன்களை, அதாவது கனமான வேலைக்கென்று செய்த கம்ப்யூட்டர்களை, விரும்பி வாங்குகிறார்கள். உறுதியான மெஷின்கள், குறை சொல்ல மாட்டேன். காசு கரைவது ரேம் கூட்டும்போதுதான். கொழும்பில் வாங்கிய ரேம் இங்கே ஓடாவிட்டால், மாற்றிவர இன்னொரு நாள் கடையைப் பூட்ட வேண்டும்.

ஸ்லொட்டில் உட்கார்ந்துவிட்டால் ஓடும் என்று நம்புவதுதான் பெரிய பிழை. டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ரேம் தலைமுறைகள் இரண்டுக்கும் 240 பின்கள். ஆனால் பின்களுக்கு நடுவே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் போட முடியாது. சிக்கல் டிடிஆர்3-க்குள்ளேயே இருக்கிறது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் ரேமும் (ரெஜிஸ்டர் என்ற இடைச் சிப் உள்ளது) சாதாரண ரேமும் ஒரே வெட்டு, ஒரே நீளம். இரண்டும் ‘டக்’ என்று உட்காரும். சர்வர் ரேம் மலிவாகக் கிடைப்பதால் கை அதற்குத்தான் போகும். அதை எச்பி இசட்400-இல் போட்டால் பீப் சத்தம்தான் மிச்சம்.

ஸ்டிக்கரைப் படியுங்கள். ‘பிசி3-10600ஆர்-9-10-இ1’ என்று இருந்தால், 10600-ஐ ஒட்டி நிற்கும் எழுத்தே வகையைச் சொல்கிறது: ஆர் என்றால் ரெஜிஸ்டர்ட், யூ என்றால் சாதாரணம், இ என்றால் பிழை திருத்தும் ஈசிசி, ஆனால் ரெஜிஸ்டர் இல்லாதது. கடைசியில் வரும் ‘இ1’-ஐப் பார்த்து ஈசிசி என்று ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். இசட்400-க்கு யூ அல்லது இ. இசட்800 ஆர் வகையையும் ஏற்கும். ஆனால் எந்த மெஷினிலும் ரெஜிஸ்டர்ட் ரேமையும் ரெஜிஸ்டர் இல்லாததையும் கலக்கக்கூடாது.

இசட்800-இல் 12 ஸ்லொட் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். ஒரே ப்ரொசசர் என்றால் அதில் 6 மட்டுமே உயிரோடு இருக்கும். இவை மூன்று சேனல் மெஷின்கள் (ப்ரொசசர் ரேமோடு மூன்று பாதைகளில் பேசும்), ஆகவே ஒரே அளவில் மூன்று மூன்றாகப் போடுவதே நல்லது. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் வாங்கிப் பயனில்லை.

நுவரெலியா பக்கம் இன்னொன்றும் உண்டு. மூடுபனிக் காலத்தில் ஈரம் ஏறி, நல்ல ரேமும் சிலசமயம் தெரியாமல் போகும். தூக்கி எறியுமுன் கரண்டைக் கழற்றி, பின்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

புது ரேம் என்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் விடிந்ததும் பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள்.