ஆஃப் நாளும் அரைக் கிண்ணம் நல்லெண்ணெயும்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 22 வருடமாக வார்டு நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. காலையில் ஹேண்ட் ஓவர் முடித்து வெளியே வந்தால் எதிரிலேயே டீக்கடை. ராத்திரி முழுக்க ஓடியதற்கு எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசு, இரண்டு வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும். வீட்டுக்கு வந்து படுத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் மணி பதினொன்று ஆகிவிடும். எழும்போது தலைபாரம், நெஞ்சு கரிப்பு, பிள்ளைகள் மேல் எரிச்சல்.

ஒருநாள் இரவு ஒரு நோயாளியின் மூச்சை எண்ணி சார்ட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டு என்னுடையதையும் எண்ணிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே 24. அன்றைக்குத்தான் பயந்தேன். அதற்குப் பிறகு எனக்கென்று எதைச் செய்தாலும், நாளைக்கு எழுந்திருக்கும்போதும் இது நல்லதாகத் தெரியுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கேள்விக்கு முதலில் நின்றது எண்ணெய்க் குளியல். தீபாவளிக்குத் தீபாவளி என்றாகிப் போனதை வார ஆஃப் நாளுக்குக் கொண்டுவந்தேன். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்பது வழக்கம். என் ஆஃப் எந்தக் கிழமையில் விழும் என்று எனக்கே தெரியாது. “கிழமை பாக்காம தேய்க்கிறியேடி” என்று அம்மா முதலில் குறைப்பட்டார். இப்போது லால்குடியிலிருந்து வரும்போது மரச்செக்கு எண்ணெய் அவரே வாங்கி வருகிறார்.

செய்முறை இதுதான். சிறிய கிண்ணத்தில் பாதியளவு நல்லெண்ணெய் போதும். நாலைந்து மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு, மிளகு பொரியும் வரை சுடவைத்து இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே தொடவேண்டும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் உச்சந்தலை. விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்து, காதுக்குப் பின்னால், பிடரி, தோள்பட்டை என்று இறங்குங்கள். எங்கள் வேலையில் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தே தோள்பட்டை இறுகிப்போகும். அங்கே மட்டும் ஐந்து நிமிடம் செலவழிப்பேன். கடைசியில் உள்ளங்கால். அதை அவசரமாக முடித்துவிடாதீர்கள். நாள் முழுக்க நம்மைத் தாங்கியது அதுதான்.

காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் எண்ணெய் விடாதீர்கள். குழந்தைகளுக்குக் கட்டாயம் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் பெரிய தொந்தரவு. காய்ச்சல், சளி இருக்கும் வாரத்தில் தள்ளிப்போடுங்கள்.

அரை மணி நேரம் ஊறட்டும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். நான் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கொடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு வாரம் கை போனைத் தேடியது. மூன்றாவது வாரம் தேடவில்லை.

சீயக்காய்ப் பொடியை நானே மில்லில் அரைத்து வைத்துக்கொள்கிறேன். சீயக்காயோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்திப் பூ. சாதம் வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் சுத்தமாகப் போய்விடும். கண்ணில் பட்டால் எரியும், மூடிக்கொள்ளுங்கள். எண்ணெய் வழிந்த குளியலறைத் தரை ரொம்ப வழுக்கும். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்த எத்தனையோ பெரியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். கால் வைக்கும் இடத்தில் ஒரு பழைய சாக்கைப் போடுங்கள். குளித்து முடித்ததும் சீயக்காயும் வெந்நீரும் ஊற்றித் தரையைத் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் மிளகு ரசம், சூடான சாதம், சுட்ட அப்பளம். தயிர் அன்றைக்கு வேண்டாம் என்பார்கள், நானும் சேர்ப்பதில்லை. பகலில் தூங்கக்கூடாது என்றும் சொல்வார்கள். நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த விதி பொருந்தாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் படுத்தால், அந்தத் தூக்கத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

வாரம் ஒருநாள் இது. மற்ற நாளுக்குச் சின்னதாக ஏதாவது வேண்டுமே? வார்டில் கை நடுங்கும் அளவுக்கு ஓடிய பிறகு, மருந்து அறையில் நின்று நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுவேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்குவதை மணிக்கட்டில் விரல் வைத்தே உணரலாம். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

டீயை விடவில்லை. டூட்டியின் முதல் பாதியில் ஒன்று, அத்தோடு சரி. காபி, டீயில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூங்கப்போகும் நேரத்தில் குடித்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? மணப்பாறை முறுக்கையும் விடவில்லை. பெரிய பாக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டேன். இரண்டு முறுக்கைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, ருசி பார்த்துச் சாப்பிடுகிறேன். வடைக்குப் பதிலாக இரண்டு பூவன் பழம்.

வாரத்தில் மூன்று சாயங்காலம் காவிரிக் கரைக்குப் போகிறேன். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வேகமாக நடந்து திரும்புவேன். ஜூனில் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் முக்கொம்புக்குத் தண்ணீர் வந்துவிடும்; அந்த வாரம் மட்டும் ஒருநாள்கூட விடமாட்டேன். வரும் வழியில் ஒரு முழம் மல்லி. தலையில் வைக்காத நாளில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

என் கூட வேலை செய்யும் ஒரு தங்கை கேட்டாள்: “அக்கா, இதெல்லாம் செஞ்சும் அழுகையா வருதே, என்ன பண்றது?” இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் எண்ணெய்க் கிண்ணத்தை நம்பி உட்காராதீர்கள். 14416-க்கு அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. அன்றைக்கு அவள் பேசும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று விட்டால் நேரம் கிடைக்காது. டூட்டி லிஸ்ட் வந்த அன்றே சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் ஆஃப் நாள் தாளைத் தேடி ‘எண்ணெய்’ என்று எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை அடுப்படிப் பொறுப்பு என் வீட்டுக்காரருடையது. ரசத்துக்குப் புளியை மட்டும் முன்தினம் இரவே ஊறவைத்துவிடுவேன்.