கம்பியூட்டர் இரைச்சலைக் குறைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

ஒரே காம்பராவில் சின்னவர்கள் தூங்க, மூத்தவர் உயர்தரப் பாடத்துக்கோ ஆன்லைன் வேலைக்கோ இரவில் கம்பியூட்டரைப் போடுகிற வீடுகள் தோட்டப்பக்கம் நிறைய. இலங்கை மலைநாட்டில், அட்டனில் மெஷின் திருத்தும் என்னிடம் பலர் வருவது இந்த இரைச்சலுக்காகத்தான். வருவதற்கு முன்பே வீட்டில் ஏதாவது செய்து பார்த்திருப்பார்கள். தொழில் பழகிய காலத்தில் நானும் செய்த வேலைகள் என்பதால் மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்ததை இங்கே விடுகிறேன்.

எது இரைகிறது என்று பார்க்காமல் ஃபேன் வாங்குவது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். டிக்கோயாப் பக்கத்துப் பையன் ஒருவன். அலுவலகத்தில் கழித்த பழைய மெஷின். அம்மாவின் சீட்டுக்காசு கைக்கு வந்ததும் கொழும்பிலிருந்து மூன்று கலர் லைட் ஃபேன் எடுப்பித்திருக்கிறான். "அண்ணே, மூணு புது ஃபேன் போட்டேன். முந்தியவிட இரையுது."

இரையாமல் என்ன செய்யும்? அந்த ரகம் மதர்போர்டில் செருகுவதல்ல. பவர் சப்ளையின் நாலு கம்பி மொலெக்ஸ் பிளக்கில் மாட்டுவது. 12 வோல்ட் நேராகப் போகும். மெஷின் சும்மா இருந்தாலும் ஃபேன் முழு வேகம்தான். சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். ஒரே அளவு இரைகிற இரண்டு ஃபேன் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். இருக்கிற ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினாலோ ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் எல்லாரும் கடைக்குத்தான் ஓடுகிறார்கள்.

அவன் மெஷினில் கத்தியது ப்ரொசெசர் ஃபேன். ப்ரொசெசரின் சூட்டை இழுக்கிற உலோகத் தகட்டுக் கட்டான ஹீட்சிங்கைக் கழற்றினால், தகடுகளுக்கு இடையில் தூசியும் விறகடுப்புப் புகைக்கரியும் பனி ஈரத்தில் ஊறி, கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக் கிடந்தது. மேலோடு பிரஷ் போட்டால் அது வராது. ஹீட்சிங்கைப் பிடித்துவைக்கிற நாலு பின்னில் ஒன்று பூட்டாமல் தூக்கிக்கொண்டும் இருந்தது. அப்படியானால் சூடு ஹீட்சிங்குக்கு ஏறாது, ப்ரொசெசர் கொதிக்கும், மதர்போர்ட் ஃபேனை விரட்டு விரட்டென்று விரட்டும். சுத்தம் செய்து, சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து, நாலு பின்னையும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி, பயோஸில் (மெஷின் போட்டதும் விண்டோஸுக்கு முன் திறக்கிற செட்டிங்கில்) ஃபேனை சைலண்டுக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. செலவு ஒரு குழாய் பேஸ்ட். மூன்று ஃபேனையும் விற்ற கடை திருப்பி எடுக்கவில்லை. அந்த அம்மாவிடம் இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

காசை வெளியே எடுக்க முன், டிஷ்யூ ரோல் முடிந்த அட்டைக் குழாயைக் காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: ப்ரொசெசர் ஃபேன், பெட்டி ஃபேன், பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க். குழாய் இறக்கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். போத்தலில் கட்டியாகிற எண்ணெய் பெயாரிங்கில் மட்டும் ஓடுமா? ஃபேனின் நடுவிலுள்ள ஸ்டிக்கரைக் கிளப்பி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடலாம். அதுவும் புது ஃபேன் வாங்கும்வரைதான்.

பவர் சப்ளையைத் திறப்பது

வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

டயர் கடைக் கம்பிரஷர்

தூசி ஊத அதைப் பிடித்தால் காற்றோடு தண்ணீரும் வரும்.

பெட்டியைப் போர்வையால் மூடுவது

காற்று வழி அடைபடும். இன்னும் கத்தும்.

ஹார்ட் டிஸ்க் உறுமலை ஃபேன் என்று நினைப்பது

நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க் வினாடிக்கு 120 தடவை சுற்றுகிறது. அந்த அதிர்வு பெட்டிக்கும் மேசைப் பலகைக்கும் இறங்கி உறுமும். பெட்டியை உள்ளங்கையால் அழுத்தும்போது சத்தம் குறைந்தால் இதுதான் ஆள். டிஸ்க்கின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பழைய ரப்பர் செருப்பை நாலு துண்டாக வெட்டிப் பெட்டிக்கு அடியில் வையுங்கள். கொஞ்சம் காசு சேர்ந்தால் விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதாவது சுற்றாத, சத்தமில்லாத டிஸ்க். நான் ஃபேனுக்கு முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

குளிர்தானே என்று ஃபேனைக் கழற்றிவிடுவது

இங்கே ஃபேன் வேகத்தைக் கொழும்பைவிடக் குறைத்து வைக்கலாம், உண்மை. ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்று மெல்லிசு, அதே வேகத்தில் சுற்றினாலும் கொண்டுபோகிற சூடு குறைவு. ஆகவே நிறுத்தாமல் குறையுங்கள். குறைத்தபின் ஒரு அரைமணி நேரம் வேலை கொடுத்து ப்ரொசெசரின் வெப்பநிலையைப் பாருங்கள். 80 பாகையைத் தாண்டினால் வேகத்தை ஒரு படி ஏற்றுங்கள்.