குற்றப் புள்ளிவிவரத்தை ஏஐயிடம் கேட்பது எப்படி?

‘தமிழ்நாட்டில் கொலை கூடியிருக்கிறதா?’ என்று ஏஐயிடம் வெறுமனே கேட்காதீர்கள். வாய்க்கு வந்த எண்ணை அடித்துவிடும். செய்தி மேசையில் நான் செய்வது: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்திலிருந்து ‘க்ரைம் இன் இந்தியா’ ஆண்டறிக்கையின் அட்டவணையை இறக்கி, அந்தக் கோப்பையே ஏற்றிவிடுவேன்.

பிறகு கேள்வி: “இந்தக் கோப்பை மட்டும் பார். எண்ணிக்கையையும் லட்சம் பேருக்கான விகிதத்தையும் தனித்தனியே கொடு. எந்தக் கட்டத்திலிருந்து எடுத்தாய் என்றும் சொல்.” அந்தக் கட்டத்தை நானே திறந்து பார்ப்பேன். அதற்குச் சோம்பல்பட்டால் இந்த வேலையே வேண்டாம்.

அட்டவணைக்கு வெளியே இருக்கும் விதிகளையும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். ஒருவன் வீடு புகுந்து திருடி, கொலையும் செய்தால், ஒரே எஃப்ஐஆரில் பெரிய குற்றமான கொலை மட்டுமே கணக்கில் ஏறும். ஆக, திருட்டு எண்ணிக்கை உள்ளதைவிடக் குறைவாகத்தான் தெரியும். 2022 அறிக்கையில் பெருநகர விகிதங்களுக்கு 2011 மக்கள்தொகைதான் அடிப்படை; மாநில விகிதங்களுக்கோ அந்த ஆண்டுக்கு மதிப்பிட்ட மக்கள்தொகை. சென்னையை மாநிலத்தோடு ஒப்பிடச் சொன்னால் கோணலாகும்.

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததால், சட்டப்பிரிவு எண்களும் மாறிவிட்டன. கொலைக்கான 302 இப்போது 103; மோசடிக்கான, நம்ம ஊர் வசவான 420கூட 318 ஆகிவிட்டது! இந்தப் பழைய, புதிய எண்களின் பட்டியலையும் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள்.