திருநெல்வேலிக்குப் போகிறவர்கள், பத்திர ஆபீசுக்கு முந்தி ஆற்றுக்குப் போய்விடுங்கள்

"வந்த கையோடு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிடு" என்று ஊரிலிருந்து போன் வந்தால், லீவில் பாதி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை என்றுதான் சொல்வார்கள். சொல்பவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. அவர்களும் கடைசியாகப் பதிவு அலுவலகத்தை மிதித்தது எந்தக் காலத்திலோ.

எனக்கு வந்தது விடுதலைப் பத்திரம். பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுப்பதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டிச் சோறூட்டியவர்கள் அண்ணனும் மதினியும். நான் மெல்போர்னில் இருந்துகொண்டு மாத்திரைப் பெயர்களைக் கேட்டுக் குறித்துவைத்தவன்.

சிக்கல் பெயரில் வந்தது. வாரிசுச் சான்றிதழில் நான் இனிஷியலோடு இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பத்திர எழுத்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூடி போட்ட பேனாவால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்து, "இது வேறு ஆள் மாதிரியல்லவா இருக்கிறது, அண்ணாச்சி" என்றார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று எழுதி வாங்கப் போனால், அதற்கு முந்திய அடையாளச் சான்று கேட்டார்கள். என் பள்ளிச் சான்றிதழ்கள் மச்சுப் பெட்டியில் கரையான் போக மீதி இருந்தன. எல்லாம் சேர்த்துக்கொண்டு டோக்கன் போட்டுப் போன அன்று சர்வர் படுத்துவிட்டது. அடுத்த டோக்கனில் பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அப்பாவின் பெயரை. திரையில் குடும்பப் பெயர்தான் முதலில் வருமாம். அண்ணன் சட்டென்று தலை நிமிர்ந்து பார்த்தான். இருவரும் உடனே எழுந்திருக்கவில்லை. "ஆள் இருக்கிறாரா, இல்லையா?" என்று இரண்டாம் முறை அதட்டல் வந்தது. அதற்குப் பின்னும், சாட்சியின் அடையாள அட்டையில் பழைய முகவரி என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே கிளம்பும் முன்பே வாரிசுச் சான்றிதழையும் மூலப்பத்திரத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம். போக முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் வயலை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. சொந்தக்காரர் யாராவது "உன் பேரில் ரெண்டு மரக்கால் வயல் வாங்கிப் போடட்டுமா" என்று ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். நிலம் சங்கரன்கோவில், தென்காசிப் பக்கமென்றால் 2019இல் மாவட்டமே பிரிந்துவிட்டது. திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று பயனில்லை.

இந்த அலைச்சலின் நடுவில் ஒருநாள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மதினிதான் "இங்கே உட்கார்ந்து முனகுவதற்கு டவுனுக்குப் போய் வடம் பிடியுங்கள்" என்று விரட்டினார். நெல்லையப்பர் தேரைக் கையால்தான் இழுக்கிறார்கள். வடத்தைத் தொட்டுவிட்டு வரலாம் என்று போனவன் ரத வீதி முக்குவரை போய்விட்டேன். உள்ளங்கை சிவந்து, தோளில் யாருடைய வியர்வை என்று தெரியாமல், கரும்புச் சாறு வாங்கிக் குடித்தேன். கோயில் யானை காந்திமதியைத் தேடிய கண்ணுக்கு மட்டும் ஏமாற்றம். அது 2025 ஜனவரியில் இறந்துவிட்டது. சின்ன வயதில் அதற்குக் கொடுக்க வாங்கிய பழத்தில் ஒன்றை நானே தின்றிருக்கிறேன்.

சாயங்காலங்களை ஆபீஸ் பேச்சுக்குக் கொடுக்காதீர்கள். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்திருந்தால் தாமிரபரணியின் குறுக்குத்துறையில் தண்ணீர் இடுப்பளவு ஓடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த முருகன் கோயில் அங்கே ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. துண்டோடு போய்க் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கீழ ரத வீதிக்கு வாருங்கள். இருட்டுக்கடை அல்வாவுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்து மலைக்க வேண்டாம், நகர்ந்துவிடும். கால் கிலோவைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டு, நூறு கிராம் தனியாக இலையில் வாங்கி அங்கேயே நின்று தின்னுங்கள். சூட்டில் நெய் விரலிடுக்கில் இறங்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தால் அது வேறு பண்டம். குற்றாலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பத்திரம் ஒருவழியாகப் பதிவான அன்று மதினி சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற சாப்பாடு அது. ஏன் இன்றைக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாடியில் என் அறையில் இப்போது அண்ணன் மகன் பரீட்சைக்குப் படிக்கிறான். ராத்திரி இரண்டு மணிவரை விளக்கு எரிகிறது. அடுத்த முறை ஜங்ஷன் பக்கம் லாட்ஜ்தான் பார்க்க வேண்டும். தேர்ச் சமயத்தில் போவதாக இருந்தால், சென்னையிலிருந்து வரும் ரயிலுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. அன்றைக்கே அறையையும் சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.